மலேரியா இல்லாத நாட்டுக்கு ஒரு மலேரியாக்காரர் மகள்

1963-ஆம் ஆண்டு இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர். அவர்களிலும் 11 பேர் வெளியே இருந்து காய்ச்சலோடு வந்து இறங்கியவர்கள். உள்ளூரில் கொசு கடித்துத் தொற்றியது ஆறே பேருக்கு. முப்பது வருடத்துக்கு முன் இதே காய்ச்சலுக்கு ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொடுத்த தீவு அது. இனிப் பயமில்லை என்று கொசுவைக் கொல்லும் டிடிடி மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். மலேரியாவுக்கு ஒதுக்கிய பணம் சுருங்கியது. 1969 முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி அதே காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள்.

17 என்ற எண்ணையும் 5 லட்சம் என்ற எண்ணையும் மார்க்கரில் பெரிதாக எழுதி, பீரோ கதவில் ஒட்டிவைத்திருக்கிறார் ஒரு மாணவி. வியாசர்பாடிப் பக்கம் வீடு. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒப்பந்த நர்சாக வேலை பார்த்துவிட்டு, இப்போது பொது சுகாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அடுத்த மாதம் வகுப்புத் தோழர்களுடன் இரண்டு வாரக் கல்விப் பயணமாக இலங்கைக்குப் போகிறார். குடும்பத்தில் கடல் தாண்டப் போகும் முதல் ஆள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

“வெளிநாடு போறேன்னு சொன்னதும் லண்டனா, அமெரிக்காவான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. இலங்கைன்னதும், ‘ஓ, டூரா?’ன்னுட்டாங்க” என்கிறார். முகத்தில் வருத்தம் தெரியவில்லை. பதில் தயாராக இருக்கிறது. “என் அப்பா பாக்குற வேலையை, அந்த வேலைக்கான நோயே இல்லாத நாட்டுல எப்படிப் பாக்குறாங்கன்னு பாக்கப் போறேன்.”

அப்பா சென்னை மாநகராட்சியின் மலேரியா பணியாளர். தெருவில் ‘மலேரியாக்காரர்’ என்றால்தான் தெரியும். காலையில் கைவிளக்கு, நீளமான பிடி போட்ட கரண்டி, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து பாட்டில், கையெழுத்து வாங்கும் நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து விளக்கடிப்பார். கிணற்று நீரைக் கரண்டியில் மொண்டு, சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். நீரின் மேல்மட்டத்தோடு ஒட்டி, படுத்தவாக்கில் கிடந்தால் மலேரியாக் கொசுவின் புழு. தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. அப்பாவோடு மாடி மாடியாக ஏறிப் பத்து வயதிலேயே இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார் மகள். பின்னாளில் பூச்சியியல் வகுப்பில் அதே படத்தைத் திரையில் போட்டுப் பேராசிரியர் விளக்கியபோது, நோட்டில் எழுத அவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

நான் போயிருந்த மாலையில் அப்பாவும் மகளும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நைனா, அங்க உள்ளூர் கேஸே கிடையாதாம். ஆனா டிபார்ட்மெண்ட் அப்படியே இருக்குதாம்.”

“கேஸு இல்லன்னா ஆளைக் குறைச்சிருப்பாங்களே, பாப்பா?”

இந்தப் பயணத்தின் சாரம் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். நோய் பரவும்போது அரசாங்கம் பணம் கொடுக்கும், பத்திரிகை எழுதும், அமைச்சர் வருவார். நோய் ஒழிந்த மறுநாள் முதல் யார் கொடுப்பார்? வேலையைச் சரியாகச் செய்து முடித்தவரையே வேண்டாதவராக்கிவிடும் தொழில் இது. அந்த இடத்தில்தான் இலங்கை ஒருமுறை சறுக்கியது, பிறகு நிமிர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பாடம் முழுமையாகும்.

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. லண்டனிலும் பால்டிமோரிலும் கற்க எவ்வளவோ உண்டு. ஆனால் வியாசர்பாடியிலிருந்து போகிறவர் திரும்பி வந்து வியாசர்பாடியில் எதையாவது செய்துகாட்ட வேண்டுமானால், நம்மைப் போன்ற வருமானத்தில், நம்மைப் போன்ற வெயிலில், நம் கொசுவோடு போராடிய இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1985-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ‘குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்’ என்ற தலைப்பில் நான்கு இடங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனா, கோஸ்டா ரிகா, கேரளம், இலங்கை. பணக்கார நாடாகும்வரை காத்திராமலே மக்களை நீண்ட நாள் வாழவைத்த இடங்கள் அவை. கால் நூற்றாண்டு கழித்து, 2011-இல் அந்த ஆய்வைப் புதிதாகச் செய்தபோது ஐந்து புதிய பெயர்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று தமிழ்நாடு. ஆக இது ஒன்றும் தெரியாதவர் தெரிந்தவரிடம் போகும் பயணமில்லை. ஒரே பரீட்சையில் தேறிய இருவர் விடைத்தாளை மாற்றிப் பார்த்துக்கொள்வது போன்றது.

பயணத்தின் முதல் நிறுத்தம் களுத்துறை. கொழும்புக்குத் தெற்கே, கடலோரம். இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926-இல் இங்கேதான் தொடங்கியது. குறிப்பிட்ட எல்லை, அதற்குள் வாழும் அத்தனை பேர், அவர்களுக்குப் பொறுப்பாக ஒரு மருத்துவர், அவருக்குக் கீழே பரிசோதகர்கள், மருத்துவமாதுகள். நோயாளி வந்தால் பார்ப்பது என்பதைத் தாண்டி, எல்லைக்குள் இருக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் பொறுப்பேற்பது என்ற ஏற்பாடு. இன்றும் நாடு முழுக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் என்ற பெயரில் அதே அமைப்புதான் இயங்குகிறது. தொடங்கி ஐந்தாண்டுக்குள், 1931-இல், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் கிராமத்துக்காரர் கேட்டது பள்ளிக்கூடமும் பிரசவ விடுதியும். மருத்துவத்தின் கதையைச் சொல்லும்போது இந்த அரசியலை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

இந்த அமைப்பின் அச்சாணி குடும்ப நல உத்தியோகத்தர் என்கிற பொதுச் சுகாதார மருத்துவமாது. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர். தன் எல்லைக்குள் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் யார், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, பிரசவம் முடிந்து எந்த வீட்டில் தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். 1930-களில் இலங்கையில் லட்சம் பிரசவத்துக்கு 2,000-க்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். இப்போது அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. நம் கிராம சுகாதார செவிலியரும் இதே வேலையைத்தான் செய்கிறார். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுத்து, ஊசி போட்டு, ஆபத்துள்ள தாயைக் கண்டுபிடித்து அனுப்புகிறார். “அந்த அக்காவோட பையில என்னென்ன இருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை நோட்டு எழுதுறாங்க, இதைத்தான் முதல்ல பாக்கணும்” என்கிறார் மாணவி. நர்சாக இருந்தபோது நோயாளியைப் பார்த்த நேரத்தைவிடக் கணினியில் விவரம் ஏற்றிய நேரமே அதிகம் என்று ஆதங்கப்பட்டவர் அவர். ஒரு தாய் இறந்தால் யாரையும் தூக்கில் போடாமல், ஏன் இறந்தார் என்று படிப்படியாகப் பின்னோக்கி விசாரிக்கும் முறை இரண்டு இடத்திலும் இருக்கிறது. அத்தகைய விசாரணைக் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதி கிடைக்குமா என்று ஆசிரியர் மூலம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது மலேரியா. இந்தப் பெண்ணின் மனசு அங்கேதான் இருக்கிறது.

1934-இல் மழை பொய்த்தது. தென்மேற்கு இலங்கையின் ஆறுகள் ஓட்டம் நின்று, மணலில் அங்கங்கே தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. அனோபிலிஸ் கூலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்குத் தேவை அப்படிப்பட்ட தெளிந்த தேக்கம்தான். வறண்ட வடமத்தியப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக மலேரியாவோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கத்து மழைவளப் பகுதி மக்களுக்கு அது இல்லை. பட்டினியில் இருந்த உடம்புகளில் காய்ச்சல் புகுந்தது. 1935 முடிவதற்குள் 15 லட்சம் பேர் வரை நோயில் விழுந்து, 80,000 பேர் மாண்டார்கள். மருந்தும் உணவும் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்த இடதுசாரி இளைஞர்களில் டாக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவும் என்.எம்.பெரேராவும் உண்டு. அந்த ஆண்டின் இறுதியில்தான் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அரசாங்கம் மலேரியா மருந்தான கொயினாவைக் கொடுத்தது; ஆனால் பசித்த வயிற்றுக்குக் கொயினா போதாது என்பதை அந்த இளைஞர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

போருக்குப் பின் டிடிடி வந்தது. வீட்டுச் சுவர்களில் தெளித்ததும் காய்ச்சல் மளமளவென்று இறங்கி, 1963-இல் 17-ஐத் தொட்டது. பிறகு நடந்ததை மேலே சொன்னேன். காரணம் ஒன்றல்ல. தெளிப்பு நின்றது. இரத்தினக்கல் தேடித் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்யப் போனவர்கள் காய்ச்சலோடு திரும்பினார்கள். மழை மறுபடி பொய்த்தது. காய்ச்சல் வந்தவரிடம் ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் வேலை தளர்ந்திருந்ததால், நோய் திரும்பி வந்தது தெரியவே நாளாகிவிட்டது. அதற்குப் பின் முப்பது வருடம் இலங்கையால் மீள முடியவில்லை. 1987-இல் ஆறு லட்சத்தைத் தாண்டியது. 1999-இல்கூட இரண்டரை லட்சத்துக்கு மேல்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை வியக்கவைக்கிறது. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம். நோய் மிகுந்த மாவட்டங்கள் பலவும் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்களத்துக்குள் கிடந்தன. போர்க்களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டியும் கொசுவலையும் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் போய்ச் சேர்ந்தன. போரிட்ட இரு தரப்பும் வேறெதிலும் ஒத்துப்போகாத நாட்களில் மலேரியா ஊழியர்களை ஓரளவு வேலை செய்யவிட்டன. நடமாடும் கிளினிக்குகள் ஊர் ஊராகப் போய், காய்ச்சல் இருக்கிறவர் இல்லாதவர் எல்லோரிடமும் விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுத்தன. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை என்றாயிற்று. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. அந்த ஊழியர்களில் பலருக்கு எந்த மேடையும் மாலையும் கிடைத்திருக்காது. இந்தக் கட்டுரையிலாவது அவர்களுக்கு ஒரு வணக்கம்.

இந்த முறை இலங்கை டிபார்ட்மெண்டை மூடவில்லை. மலேரியா எதிர்ப்பு இயக்கம் என்ற அமைப்பு 1911-இல் குருநாகலில் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது. மலேரியா மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்காது. அந்த இயக்கத்தின் வழியாக மட்டுமே. அதனால் எந்த மூலையில் யாருக்கு மலேரியா கண்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகாது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவருக்குத் தடுப்பு மாத்திரை இலவசம். புத்தகயைக்குப் போகும் யாத்ரீகர், வெளிநாட்டில் அமைதிப்படைப் பணிக்குப் போகும் சிப்பாய், வியாபாரி எல்லோர் மீதும் ஒரு கண். இறுதிப் போருக்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய அகதிகளுக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது.

அப்படியென்றால் இந்தியாவிலிருந்து போகும் இந்த மாணவர்கள்? அவர்களும் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள்தான். 2018 இறுதியில், மொனராகலை மாவட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா கண்டது. தேடிப் பார்த்தபோது, அங்கே வேலைக்கு வந்திருந்த இந்தியத் தொழிலாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து உள்ளூர்க் கொசு வழியாக அது தொற்றியிருந்தது. வைவாக்ஸ் வகைக் கிருமி. கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கி இருந்துவிட்டு, ஆள் மறந்தபோது எழுந்துவரும். உடனே சுற்றுவட்டாரம் முழுக்க ரத்தம் எடுத்து, கொசுவைத் தேடி, அங்கேயே அணைத்துவிட்டார்கள். ஒரே ஒருவருக்காக அத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள். 1963-க்கும் 2018-க்கும் உள்ள தூரம் இதுதான். “நம்ம சென்னையிலிருந்து போறோம். எங்கள்ல யாருக்காவது பழைய கிருமி இருந்தா? போறதுக்கு முன்னாடியே எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும்னு நான்தான் கிளாஸ்ல சொன்னேன்” என்கிறார் மாணவி. சிலர் முகம் சுளித்தார்களாம். இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் மரியாதை இது என்பது என் எண்ணமும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லும்போது அப்பாவே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 2016 டிசம்பரில் மன்னார் தீவின் கிணறுகளில் இலங்கைப் பூச்சியியலாளர்கள் அதுவரை அங்கே கண்டிராத ஒரு கொசுவின் புழுவைக் கண்டார்கள். அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையின் மொட்டை மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் அப்பா ஆயுள் முழுக்கக் கரண்டியால் மொண்டு தேடுகிற அதே கொசு. காடும் ஆறும் தேவைப்படாத, நகரத்துச் சிமெண்டுத் தொட்டியிலேயே குடும்பம் நடத்துகிற வகை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர் கடல்தான். இதே கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. மலேரியா அநேகமாக ஒழிந்திருந்த குட்டி நாடு. அந்த ஆண்டு 27 நோயாளிகள். 2020-இல் 73,000. இந்தக் கொசுவின் ஆபத்து தெரிந்தவர்கள் என்பதால் மன்னாரில் தாமதிக்கவில்லை. கிணறு கிணறாகப் போய்ப் புழு தின்னும் மீன் விட்டார்கள், அபேட் ஊற்றினார்கள், பயன்படாத கிணறுகளை மூடவைத்தார்கள்.

“எந்த மீன் விட்டாங்களாம்?” என்று கேட்டார் அப்பா.

“கப்பி, நைனா.”

“நம்ம ஊர்ல கம்பூசியா. அது கிணத்துல நல்லா நிக்கும். கப்பியும் தேவலாம்தான், எங்க வேணாலும் கிடைக்கும்.”

மன்னாரில் ஒரு முழு நாள் வேண்டும் என்று மாணவி அடம்பிடித்து வாங்கியிருக்கிறார். அட்டவணையில் அது முதலில் அனுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் தேநீருக்கு நிற்கும் இடமாக மட்டும்தான் இருந்ததாம்.

கடலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே சுகாதாரத்தின் பெயரால் ஆட்கள் போய்வந்தது புதிதல்ல. ராமநாதபுரம் மாவட்டத்தில் ரயிலில் போகிறவர்கள் ‘மண்டபம் கேம்ப்’ என்ற நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை ஏற்றும் முன் தங்கவைத்துப் பார்ப்பதற்கு இலங்கை அரசாங்கமே இங்கு நடத்திய முகாம் அது. பிளேக், காலரா பயத்தில் நாட்கணக்கில் காத்திருக்கவைத்து, சோதித்து, ஊசி போட்டு, பிறகுதான் கப்பல். நோய் உள்ளே வரக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். ஆனால் உள்ளே போன பிறகு அந்த மக்கள் வாழ்ந்த லயக் காம்பராக்கள் என்ற வரிசை வீடுகள் மீது அந்தக் கவனம் இருக்கவில்லை. பத்தடி அறை, ஒரே கூரை, புகை. நாட்டின் மற்ற இடங்களுக்கு அரசாங்க மருத்துவமாது போனபோது, தோட்டத்துக்குள் மருத்துவம் வெகுகாலம் துரைமாரின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அதன் விலை இன்னும் குழந்தைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டப் பகுதிகளில் 32 சதவீதம். உலகமே மெச்சும் ஒரு சுகாதார அமைப்பு, தன் நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்த மக்களைக் கடைசியாகத்தான் தொட்டது. பயணத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவையும் பார்க்கிறார்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே போகும் நாளில் களுத்துறையின் பெருமையை யாரும் மறுபடி பாட வேண்டியதில்லை.

அனுராதபுரம் பக்கம் இன்னொரு துயரம். 1990-கள் தொட்டு, நெல் விவசாயிகளின் சிறுநீரகங்கள் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே பழுதாகின்றன. மதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் வீட்டுக்கு வீடு பேச்சு அதுதான். ஆந்திரத்தின் உத்தானத்திலும் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் இதே மாதிரி நடக்கிறது. வெயில், நிலத்தடி நீர், பூச்சிமருந்து என்று ஆய்வாளர்கள் பல பக்கம் தேடுகிறார்கள். வெயிலில் நாள் முழுக்க வேலை செய்யும் மக்கள் வாழும் எந்த ஊரும் கவனிக்க வேண்டிய விஷயம்.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்க்குப் போகிறார்கள். 1847-இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று பாடநூல்களும் அச்சாகின. வகுப்பில் ஆங்கிலத்தில் படித்ததை வீட்டில் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லியே புரிந்துகொண்ட இந்த மாணவிக்கு அவர் பாடம் நடத்திய அந்த ஊரில் போய் நிற்க ஆசை.

அம்மாவுக்குக் கவலைகள் வேறு. “அங்க சோத்துக்கே பஞ்சம்னு டிவியில காட்டுனாங்களே?” என்று கேட்டார். 2022-ஐச் சொல்கிறார். அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வரிசை தெருக்கணக்கில் நீண்டு, மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்ட வருடம். மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். பெட்ரோல் கிடைக்காத நாளில் மருத்துவமாது எப்படி வீட்டுக்குப் போனார் என்பது என்னுடைய கேள்வி. மாணவியின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய நூறு வருட அமைப்பு ஒரு நெருக்கடியில் எந்த இடத்தில் உடைந்தது, எந்த இடத்தில் தாங்கியது என்று நேரில் கேட்க இதைவிட நல்ல சமயம் அமையாது.

தயாரிப்பு மும்முரமாக நடக்கிறது. இணையத்தில் விசாவுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. கொழும்பின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கையைத் தரவிறக்கி, எந்த மாவட்டத்தில் டெங்கு, எங்கே எலிக்காய்ச்சல் என்று குறித்துவைத்திருக்கிறார். எண்ணிப் பார்க்கவும் நலம் விசாரிக்கவும் கொஞ்சம் சிங்களம். வீட்டில் படிப்பவர் அவர் ஒருவர் என்பதால், சாப்பிடும்போது எல்லோருக்கும் பாடம் நடக்கிறது. தம்பிக்கு இப்போது இலங்கையின் 25 மாவட்டங்களும் மனப்பாடம்.

படம் எடுப்பது பற்றி வகுப்பில் பெரிய விவாதம் நடந்ததாம். ஏழை நாட்டுக்குப் போகும் மாணவர்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு படம் போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் ஊர் மருத்துவமனை வார்டுக்கும் அப்படி வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். தான் வேலை பார்த்த இடத்தில், கேட்காமல் படமெடுக்கப்பட்ட ஒரு தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை மாணவி மறக்கவில்லை. நோயாளிகள் முகம் எதுவும் எடுப்பதில்லை என்று குழுவாக முடிவு செய்திருக்கிறார்கள். பதிவேடுகளின் வெற்றுப் படிவங்கள், கிணற்று மூடிகள், கிளினிக்கின் பெஞ்சு, காத்திருக்கும் இடத்தின் மின்விசிறி இவை போதும். எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்தது. மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்பது ஒரு சுகாதார அமைப்பைப் பற்றி நிறையச் சொல்லும்.

நம் அரசாங்கம் 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாக உறுதி கொடுத்திருக்கிறது. சென்னையில் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டது உண்மை. தமிழ்நாட்டின் மலேரியாக் கணக்கில் பெரும்பங்கு வைத்திருந்த நகரம் இது. அப்படிக் குறையக் குறைய, கையில் கரண்டியோடு வருபவரை வீட்டுக்காரர்கள் மாடிக்கு விடுவதும் குறைகிறது. “இப்ப யாருங்க மலேரியா? டெங்குன்னு சொல்லுங்க, கேட்டைத் திறப்பாங்க” என்கிறார் அப்பா. கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிய வீட்டுக்கும் மறுவாரம் போயாக வேண்டும். அந்த வீட்டுத் தொட்டிதான் மூடியில்லாமல் இருக்கும்.

மாணவியின் நோட்டில் கேள்விகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கடைசிப் பக்கம் முழுக்க அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு ஆளுக்கு எத்தனை வீடு? கிணற்றில் இறங்க ஏணியும் கயிறும் ஆபீஸ் கொடுக்கிறதா, சொந்தக் காசா? புழு கண்டால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? கையுறை எத்தனை மாதத்துக்கு ஒரு ஜோடி? மழைக்காலத்தில் சேர்த்த ஆட்களை வெயில் காலத்தில் நிறுத்திவிடுகிறார்களா? நான் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது ஒன்று விட்டுப்போனதாக மகளைத் திரும்பக் கூப்பிட்டார்.

“கேஸு ஜீரோ ஆன வருஷம் எத்தனை பேரை நிப்பாட்டுனாங்கன்னு கேளு. அதை மட்டும் மேல இருக்கற டைரக்டர்கிட்டயே கேளு, பாப்பா. கீழ வேலை செய்றவங்ககிட்டக் கேட்டா, பாவம், பயந்துடுவாங்க.”